சேட்டிபிக்கற் எப்போது வரும் என்று கேட்கும் அம்மா

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் அம்மாவுடன் இருக்கிறேன். வயது 29. அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். அப்பா இல்லை, அண்ணா கனடாவில். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு விஞ்ஞானப் புனைகதை என்றால் உயிர். விண்கலம், காலப் பயணம், வேற்றுக்கிரகம் என்று எந்தப் படம் வந்தாலும் பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும். மாதம் ஒரு தடவை வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் தோழிகளுடன் தங்குவேன். சனி பகல் படம். லயனல் வென்ட் அரங்கில் பாட்டு நாடகம் எதுவும் நடந்தால் மாலையில் அதற்கும் போவோம். பிறகு காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டபடி நள்ளிரவு வரை அந்தக் கதைதான். ஞாயிறு இரவு பஸ் ஏறி, திங்கள் காலை முகம் கழுவிக்கொண்டு நேரே அலுவலகம் போவேன். டிக்கெட் துண்டுகளை எல்லாம் ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் கணக்கியல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடமாகிவிட்டது. இப்போது ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. “பிள்ளை இரவில பஸ் ஏறித் திரியிறாவாம்” என்று மாப்பிள்ளை பகுதி விசாரித்தபோது, “அவள் படிக்கப் போறவள்” என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டார். போன மாதம் என்னிடம், “சேட்டிபிக்கற் எப்ப தருவினம்?” என்று கேட்டார். இந்தப் படம், நாடகம், இரவுப் பயணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 29 வயதில் வேற்றுக்கிரகப் படத்துக்கு அலைவது பைத்தியமா, அக்கா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. படங்களை விடுவதா என்பது ஒன்று. அம்மாவிடம் சொன்ன பொய்யை என்ன செய்வது என்பது மற்றது. முதலாவதை விட்டால் இரண்டாவதும் தானாகக் கரைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். கரையாது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் “பைத்தியம்” என்ற சொல்லைப் பற்றிப் பேசவேண்டும், அது எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் இருப்பது எந்த ஊரில் என்று பாருங்கள். விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். அந்தக் காலத்தில் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் நம்முடைய சுவாமிமலைக்குக் கீழே கடலில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்தார்கள். நாம் மேலே நின்று தேங்காய் உடைக்கிறோமே, அந்த மலையின் அடிவாரம்தான். விண்வெளிக்குப் போகாமல் எடையில்லாமல் மிதப்பது எப்படியிருக்கும் என்று அறியத்தான் அவர் கடலுக்குள் இறங்கப் பழகினார். பிறகு 1979இல் அவர் எழுதிய நாவலில், பூமியிலிருந்து வானத்துக்கு ஏறும் ஒரு லிஃப்டுக்குக் களமாக இலங்கையைப் போன்ற ஒரு தீவையே வைத்தார். ஆனால் அந்த லிஃப்டின் வடம் பூமத்திய ரேகையில்தான் ஊன்றி நிற்கமுடியும். அதனால் கதையில் தீவைத் தூக்கித் தெற்கே நகர்த்தி வைத்துவிட்டார்! திருகோணமலையையும் சேர்த்துத்தான் நகர்த்தியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

இன்னொன்று. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் அவை பூமியோடு சேர்ந்து சுற்றும், நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், அவற்றின் வழியாக உலகம் முழுவதும் ஒலிபரப்பலாம் என்று அவர் 1945இல் எழுதினார். உங்கள் வீட்டுக் கூரையில் டிஷ் இருந்தால் ஏறிப் பாருங்கள். அது அசையாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்த ஏற்பாட்டால்தான். அம்மா பின்னேரம் சாய்வு நாற்காலியில் இருந்து பழைய படம் பார்க்கிறார் என்றால் அதுவும் அப்படியொரு செயற்கைக்கோளிலிருந்து இறங்கி வருவதுதான். 29 வயதென்ன, 70 வயதுவரை இதில் மனதை வைத்திருக்கலாம்.

படமும் பாட்டு நாடகமும் ஏன் உங்களுக்கு ஒன்றாகப் பிடிக்கின்றன என்று நீங்களே வியந்து எழுதியிருந்தீர்கள். கடிதம் நீண்டுவிட்டதால் அந்தப் பகுதியை மேலே சுருக்கிவிட்டேன். எனக்கு அதில் வியப்பில்லை. ‘ரோபோ’ என்ற சொல்லே மேடையில் பிறந்ததுதான். காரெல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளரின் நாடகம் 1921இல் பிராக் நகரில் மேடையேறியது. அதில் வரும் செயற்கை மனிதர்களுக்கு வைத்த பெயர் அது. அவர்கள் மொழியில் ஊதியமில்லாமல் கட்டாயத்துக்குச் செய்யும் வேலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்தது. சினிமாவுக்கு முன்பே இயந்திர மனிதனுக்குப் பெயர் வைத்தது நாடகம்.

நம்முடைய கூத்துக் களரியை மட்டும் என்ன குறைவாகச் சொல்வது? எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா என்னை லோஞ்சில் ஏற்றி மூதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கூத்துப் பார்க்கக் கூட்டிப் போனார். வட்டக்களரி, நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு, சுற்றிவரப் பாய்விரித்து ஊர். நான் பாதி நேரம் அப்பாவின் சால்வைக்குள் நித்திரை. அருச்சுனன் கயிலாயத்துக்குத் தவஞ்செய்யப் போகிற இடம் வந்ததும் அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். கிரீடம் வைத்தவர் களரியை ஒரு சுற்றுச் சுற்றி ஆடி வந்தார். அண்ணாவியார் ஒரு அடி பாடினார், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடினார். அவ்வளவுதான், அவர் கயிலாயத்தில் நின்றார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் நெற்றியிலிருந்து வியர்வையும் பூச்சும் சேர்ந்து வழிந்தது. “எப்படியப்பா அங்க போனவர்?” என்று கேட்டேன். “நீ பாத்தனிதானே, போனவர்” என்றார் அப்பா. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பாயும் கப்பலை நீங்கள் திரையில் பார்க்கும்போது உங்களுக்குள் நடப்பதும் இதேதான். அது உங்கள் அம்மாவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்த தலைமுறை அது. சிவராத்திரிக்கு இரவு முழுக்க கோணேசரில் கண்விழித்திருந்த பெண்களை யாரும் “திரியிறா” என்று சொன்னதில்லை.

ஆகவே விடவேண்டாம்.

சரி, இனி அந்தப் பொய். இதில் நான் உங்கள் பக்கம் நிற்கமாட்டேன். மூன்று வருடம் என்றால் முப்பத்தைந்து தடவைக்கு மேல் அம்மா உங்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டித் தந்து, “கவனமாப் போய் வா” என்று வாசலில் நின்றிருப்பார். பிள்ளை வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருப்பார். இப்போது மாப்பிள்ளை பகுதியிடம் தன் வாக்கையே பணயமாக வைத்துவிட்டார். நீங்கள் பொய் சொன்னது அம்மாவிடம். ஆனால் அந்தப் பொய்யை ஊருக்குச் சொன்னவர் அவர், தெரியாமலே. நாளைக்கு வேறு யாராவது வாயால் உண்மை வந்தால் தலைகுனிவு உங்களுக்கு இல்லை, அவருக்கு. எனக்கு உங்கள் கடிதத்தில் வலித்த இடம் அந்தச் சேட்டிபிக்கற் கேள்விதான். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. பிரேம் போட்டு மாட்ட இடம் பார்த்து வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்.

சொல்லிவிடுங்கள். இந்தக் கிழமைக்குள்ளேயே. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடிந்து, அம்மா பாத்திரம் எல்லாம் ஒதுக்கிவிட்டு இருக்கும் நேரம் நல்லது. “அம்மா, வகுப்பு ஒண்டும் இல்லை. நான் படம் பாக்கத்தான் போனனான். உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்.” இதோடு நிறுத்துங்கள். “நீங்கள் விடமாட்டீர்கள் என்றுதான்” என்று ஒரு சொல்கூடச் சேர்க்கவேண்டாம், குற்றத்தை அவர் தலையில் தூக்கி வைப்பதாகிவிடும். அவர் அழலாம். இரண்டு மூன்று நாள் பேசாமலும் இருக்கலாம், தேத்தண்ணியை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கேள்வி வரும். “ஆரோட போனனி?” தாய்மார் எல்லாருடைய பயமும் அங்கேதான் போய் முட்டும். அப்போது அந்த மைலோ டின்னைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் கொட்டுங்கள். ஒவ்வொரு துண்டாக எடுத்து, இது எந்தப் படம், எந்தத் தோழியோடு, எங்கே தங்கினேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்று சொல்லுங்கள். தோழிகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள், வேண்டுமானால் அன்றைக்கே அவர்களோடு பேச விடுங்கள். இனிமேல் போகும்போதெல்லாம் பஸ் ஏறியதும் ஒரு அழைப்பு, இறங்கியதும் ஒரு அழைப்பு. இது உங்களைக் காவல் காப்பதற்கு இல்லை. அம்மா அன்றிரவு நித்திரை கொள்ள வேண்டும், அதற்கு.

அப்புறம் மாப்பிள்ளை. தரகரை வைத்தோ பெரியவர்களை வைத்தோ இதைத் திருத்த முயலாதீர்கள், கதை ஒவ்வொரு வாயிலும் ஒரு விதமாகும். அம்மாவிடம் சொன்ன பிறகு, அம்மாவுக்கும் தெரியும்படி, நீங்களே மாப்பிள்ளையோடு பேசுங்கள். அம்மா சொன்னது அம்மா நம்பியது, தவறு என்னுடையது என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லுங்கள். அவர் இரவு பஸ்தான் கவலை என்று சொன்னால் அது பேசித் தீர்க்கக்கூடியது. பகலில் போகலாம், சேர்ந்து போகலாம், மாதமொருமுறை என்பதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாக்கலாம். “பொம்பிளைக்கு உதெல்லாம் என்னத்துக்கு” என்று சொன்னால் அது படத்தோடு நிற்காது, நாளைக்கு வேலைக்கும் வரும், சிநேகிதிகளுக்கும் வரும். கல்யாண எழுத்து நடக்க முன்னமே அது தெரிந்துவிட்டால் நல்லது. அவருக்கு விண்கலப் படம் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் அதைப் பற்றிச் சொல்லும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்குப் பாட்டு வரும். பள்ளி நாடகங்களில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று பாடியவள் நான். கல்யாணமானதும் யாரும் சொல்லாமலே விட்டுவிட்டேன், புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று. என் கணவருக்கு எனக்குப் பாட்டு வரும் என்பதே ஏழு வருடம் கழித்துத்தான் தெரியும். மகளைத் தொட்டிலில் ஆட்டும்போது வாசலில் நின்று கேட்டுவிட்டு, “நீ ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்றார். கோபமில்லை, மனத்தாங்கல். அந்த ஏழு வருடத்தை அவரிடமிருந்து நான்தான் எடுத்துக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இன்னும் ஒரு யோசனை. திருகோணமலையில் உங்களுக்கு இதைப் பேச ஒருவருமில்லை என்பதுபோல் இருக்கிறது உங்கள் கடிதம். தேடிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அலுவலகத்தில் இரண்டு பேரைக் கேளுங்கள். ஒரு வெள்ளை வேட்டியும் இரவல் புரொஜெக்டரும் இருந்தால் உங்கள் முற்றமே தியேட்டர். படம் முடிந்ததும் டச் பே கடற்கரையில் கச்சான் வாங்கிக்கொண்டு நடங்கள், காலிமுகத்திடலைவிட நமது கடற்காற்றுக்கு என்ன குறை?

முதல் படத்தை நான் சொல்கிறேன். 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’. வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வருகிறார்கள். எதற்குத் தெரியுமா? அவர்களிடம் விஞ்ஞானம் இருக்கிறது, இசை கற்றுத்தர ஆளில்லை. ஆகவே பாடத் தெரிந்த பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விண்கலமும் பாட்டும் ஒரே படத்தில்! உங்களுக்காகவே எடுத்ததுபோல் இருக்கும். அம்மாவுக்கு முன்வரிசையில் அந்தச் சாய்வு நாற்காலியைப் போடுங்கள். மடியில் கச்சான் பொட்டலத்தைக் கொடுத்து, கதையை முதலிலேயே சொல்லிவிடாமல் பக்கத்தில் இருங்கள். பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.