ஐந்து நெகட்டிவ், ஆறாவது எதற்கு?

கேள்வி: ஆணுறை இல்லாமல் ஒரே ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது டாக்டர். ஏழு மாதத்தில் ஐந்து எச்.ஐ.வி. டெஸ்ட், ஐந்தும் நெகட்டிவ். ரிப்போர்ட் வாங்கிய அன்று மட்டும் தூக்கம் வருகிறது. மறுநாளே கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்குகிறேன். லேபில் என் ரத்த சாம்பிள் வேறு யாருடையதோடாவது மாறிப்போயிருக்குமோ?

பதில்: ஐந்து தடவையுமா மாறும்? தப்பு நடந்த நாளிலிருந்து, ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறை பரிசோதனையை (கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடுவது) 45 நாள் கழித்தும், உடனே முடிவு தெரியும் ரேபிட் டெஸ்ட்டை 90 நாள் கழித்தும் செய்தால் அந்த முடிவை நம்பலாம். இரண்டையும் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். கழுத்தை விடுங்கள், அமுக்க அமுக்க அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். உங்களுக்கு இருப்பது நோய்ப் பயம் (அதுவும் நிஜமான அவஸ்தைதான்). ஒவ்வொரு டெஸ்ட்டும் அதற்குத் தீனி. மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகவே உதவும். ஆறாவது டெஸ்ட் நான் எழுதித் தரமாட்டேன்.