விக்டோரியா காலத்து 'டீ லீஃப்' பீங்கான் சேகரிக்க ஆசை. செய்தவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது, எதில் தொடங்குவது?

நான் ஒஹாயோவில் இருக்கிறேன். இங்கே கிராமத்துப் பக்கம் எந்தப் பழம்பொருள் கடைக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு மூலையில் வெள்ளை வெளேரென்று கனமாக ஒரு தட்டு கிடக்கும், நடுவில் செம்பு நிறத்தில் மூன்று இலையும் ஒரு மொட்டும், விளிம்பைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு கோடு. நீங்கள் கேட்பது அதைத்தான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் தட்டைத் திருப்பி முத்திரையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது பாதி வேலை. அந்த இலையை ஒரு கம்பெனி அல்ல, இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் இருந்த எத்தனையோ கம்பெனிகள் போட்டன, இலையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டதும், பதிவு செய்து காப்பாற்றிக்கொண்டதும் பாத்திரத்தின் வடிவத்தைத்தான். கைப்பிடி எப்படி வளைகிறது, மூடியின் குமிழ் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் முத்திரை அழிந்துபோன பாத்திரத்தையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கொஞ்சம் வரலாறு, சுருக்கமாக. அயர்ன்ஸ்டோன் என்ற உறுதியான பீங்கானுக்கு 1813-இல் சார்லஸ் ஜேம்ஸ் மேசன் காப்புரிமை வாங்கினார். 14 வருஷத்தில் அது முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். 1840-களிலிருந்து வெறும் வெள்ளையாகவே கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்தது, காரணம் இங்கிருந்த விவசாயக் குடும்பங்களுக்கு விலை கட்டுப்படியாக வேண்டும், சீக்கிரம் உடையவும் கூடாது. அறுவடைக் காலத்தில் கதிரடிக்க வரும் கூட்டத்துக்கே சாப்பாடு போடுகிற பாத்திரம் என்பதால் இதற்குக் கதிரடிப்பவர் பீங்கான் என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. 1850-களில் அந்த வெள்ளையின் மேல் செம்பு மினுக்குக் கோடும் பூவும் இலையும் வந்தன. இங்கிலாந்துக்காரர்கள் செய்தார்களே தவிர தங்கள் வீட்டில் இதை அதிகம் வைத்துக்கொள்ளவில்லை, அதனால் லண்டனில் தேடுவதைவிட ஒஹாயோவிலும் பென்சில்வேனியாவிலும் தேடுவது சுலபம்.

இலையை முதலில் போட்ட பெருமை பொதுவாக பர்ஸ்லெம் ஊரின் ஆன்டனி ஷாவுக்குத் தரப்படுகிறது. என் அபிப்பிராயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 'லில்லி ஆஃப் தி வேலி' வடிவத்தில் ஒரு டீப்பாட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், உடம்பிலேயே இலையும் மணி போன்ற பூவும் புடைப்பாக இருக்கும், அதற்கு மேல்தான் செம்பு இலை. எண்ணிக்கையில் பார்த்தால் டன்ஸ்டாலின் ஆல்ஃபிரட் மீக்கின்தான் அதிகம் கண்ணில் படும், அந்தக் கம்பெனி 1875-இல் தொடங்கியது. அதன் 'பாம்பூ' வடிவத்தில் கைப்பிடி மூங்கில் கணுக்களோடு இருக்கும், 'ஃபிஷ் ஹூக்' வடிவத்தில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். இவருடைய அண்ணன்மார் நடத்திய ஜே அண்ட் ஜி மீக்கின் வேறு கம்பெனி, குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம் எல்ஸ்மோர் அண்ட் ஃபோர்ஸ்டர். கோதுமைக் கதிர் புடைப்பாக உள்ள 'சீரிஸ்' (Ceres) வடிவம் அவர்களுடையது, சிலவற்றில் அந்தக் கதிருக்கே செம்பு பூசியிருப்பார்கள். மார்னிங் குளோரிப் பூ, புகையிலை இலை என்று அவர்கள் போட்ட அலங்காரங்களுக்கென்றே அலைகிற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கிளெமென்ட்சன் பிரதர்ஸ் போட்ட 'டீபெரி' அலங்காரம் இன்னொரு ரகம்.

ஒரு எச்சரிக்கை. 'வெட்ஜ்வுட் அண்ட் கோ' என்று முத்திரை இருந்தால் விற்பவர் குரலே மாறிவிடும், விலையும் ஏறிவிடும். அது டன்ஸ்டாலில் இருந்த ஈனாக் வெட்ஜ்வுட்டின் கம்பெனி, புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட்டின் கம்பெனி அல்ல. பாத்திரம் நல்ல பாத்திரம்தான், அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

காலம் கணிக்க, அடியில் சாய்சதுர வடிவில் ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். 1842 முதல் 1883 வரை வடிவங்களைப் பதிவு செய்த குறி அது. 1867 வரை வருஷத்தைச் சொல்லும் எழுத்து மேல் மூலையில், 1868-இலிருந்து வலது மூலையில். 1884 முதல் சாய்சதுரம் போய் வெறும் பதிவு எண் வந்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் வடிவம் பதிவான தேதியைத்தான் சொல்லும், உங்கள் கையில் இருப்பது சூளைக்குப் போன தேதியை அல்ல, ஓடுகிற வடிவத்தைப் பல வருஷம் செய்துகொண்டேதான் இருந்தார்கள். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்கு அப்புறம், அமெரிக்கச் சுங்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 1950-களில் தொடங்கி சிகாகோவின் ரெட் கிளிஃப் கம்பெனி பழைய மாதிரியிலேயே செய்து விற்றது. தன் பெயரை அடியில் போட்டுத்தான் விற்றது, ஆனாலும் மேஜையில் அடுக்கி வைத்திருக்கும்போது பழசு மாதிரியே தெரியும்.

வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். செம்பு மினுக்கு, கிளேஸ் என்கிற கண்ணாடி போன்ற பூச்சுக்கு மேலே பூசி, குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுட்டது, அதனால் நூறு வருஷக் கழுவலில் முதலில் தேய்வது அதுதான். விளிம்புக் கோடு விட்டு விட்டு இருந்தால் பரவாயில்லை, நடு இலை மங்கிப்போயிருந்தால் வேண்டாம். கத்திக் கீறலின் மேலேயே மினுக்கு ஓடினால் யாரோ பின்னால் பெயின்ட் தடவியிருக்கிறார்கள். பானை வாங்குகிற மாதிரி விரலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். டீப்பாட் மூக்கின் நுனியை நகத்தால் தடவுங்கள், ஒட்டுவேலை அதிகம் நடக்கிற இடம் அது. புற ஊதா டார்ச் ஒன்று பையில் இருந்தால் புதிய பசையும் பூச்சும் பெரும்பாலும் வேறு நிறத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

தொடங்குவதற்கு எல்லோரும் சாப்பாட்டுத் தட்டு வாங்குவார்கள், சல்லிசாகக் கிடைக்கிறது என்பதால். நான் அதைச் சொல்ல மாட்டேன், தட்டில் வடிவம் அதிகம் தெரியாது, ஒரு டஜன் வாங்கினாலும் கண் பழகாது. ஒரு கம்பெனி, ஒரு வடிவம் என்று வைத்துக்கொண்டு மூடியுள்ள சர்க்கரைக் கிண்ணம், குழம்புக் கிண்ணம், ஜக் என்று போங்கள். மூடி அதே கிண்ணத்துக்குப் பிறந்ததா என்று மட்டும் பாருங்கள், குமிழும் கைப்பிடியும் ஒரே ஜாடையில் இருக்க வேண்டும். சோப்புப் பெட்டி கிடைத்தால் உள்ளே நீர் வடியும் ஓட்டைத் தட்டு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், பல இடங்களில் அது மட்டும் இருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு டிஷ்வாஷரில் போடாதீர்கள், கறை போக பிளீச்சும் ஊற்றாதீர்கள், இரண்டும் மினுக்கைத் தின்றுவிடும். அந்தக் காலத்து கிளேஸில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, ஆகவே ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய்க்கு மட்டும் இதை எடுக்காதீர்கள்.