எஞ்சின் ஆயில் சொட்டுது, கியர்பாக்ஸ இறக்கணும்ங்கறாங்க: இறக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார், சுருக்கமா சொல்லிடறேன். கிருஷ்ணகிரில பழைய வண்டி விக்கற ஒரு கன்சல்டிங்ல 2016 மாடல் பொலிரோ பிக்கப் எடுத்து மூணு வாரம் ஆகுதாம். பாக்கப் போன அன்னிக்கு எஞ்சின் பளபளன்னு இருந்திருக்கு. இப்ப ராத்திரி நிறுத்திட்டு காலைல பாத்தா கியர்பாக்ஸ் ஆரம்பிக்கற இடத்துக்கு நேரா தரையில கருப்பா நாலஞ்சு சொட்டு. ராயக்கோட்டை வழியா ஓசூர், பெங்களூர்னு தக்காளி லோடு அடிக்கிறார், டிப் ஸ்டிக்ல மேக்சிமத்துல இருந்த ஆயில் இப்ப மினிமம் கோட்ட தொட்டுடுச்சு. ஒரு மெக்கானிக் பின்னாடி கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் எஞ்சின விட்டு வெளிய வர்ற இடத்துல ஆயில தடுக்கற ரப்பர் வளையம்) போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்ங்கறார், இன்னொருத்தர் கெட்டி ஆயிலா ஊத்துங்க தானா நின்னுடும்ங்கறார். யார் பேச்ச கேக்கறது, அதுவரைக்கும் லோடு அடிக்கலாமா, இதான் கேள்வி.

இப்போதைக்கு ரெண்டு பேரு பேச்சையும் கேக்காதீங்க. மொத ஆள் சொல்றது கடைசில சரியாவே கூட இருக்கலாம், ஆனா அவர் எஞ்சின கழுவிட்டு பாத்து சொன்னாரா இல்ல குனிஞ்சு ஒரு பார்வ பாத்துட்டு சொன்னாராங்கறது தான் விஷயம். ஆயில் சொட்டற இடம் வேற, கசியற இடம் வேற. உங்க வண்டில எஞ்சின் நீளவாக்குல உக்காந்திருக்கு, கியர்பாக்ஸ் அதுக்கு பின்னாடி. மேல டேப்பெட் கவர் (எஞ்சின் உச்சிய மூடற மூடி) பேக்கிங்ல கசிஞ்சாலும் சரி, ஆயில் பிரஷர் சென்சார்ல கசிஞ்சாலும் சரி, ஆயில் பிளாக் மேலயே வழிஞ்சு இறங்கும், ஓடறப்ப ஃபேன் காத்தும் எதிர்க்காத்தும் சேர்ந்து அத பின்னாடி தள்ளும், கடைசில பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல கிளட்ச மூடியிருக்கற கூடு) அடியில வந்து தான் சொட்டும். கீழ இருந்து பாக்கறவருக்கு அது கிராங்க் சீல் மாதிரியே தெரியும். நூறு இருநூறு ரூபா சாமான்ல முடிய வேண்டிய வேலைக்கு கியர்பாக்ஸ இறக்கி ஏத்தின வண்டிங்க நம்ம ஊர்ல நெறைய ஓடுது.

அதுக்கும் முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க, இத யாரும் போடறதே இல்ல. ஆயில் சுமாரா 20லருந்து 30 சொட்டு சேர்ந்தா தான் 1 மில்லி. நாலஞ்சு சொட்டுன்னா ஒரு ராத்திரிக்கு கால் மில்லி கூட கிடையாது, மூணு வாரம் பூரா கூட்டுனாலும் ஒரு டீஸ்பூன் தேறும். ஆனா டிப் ஸ்டிக்ல மேக்சிமத்துக்கும் மினிமத்துக்கும் நடுவுல பெரும்பாலான வண்டிகள்ல 1 லிட்டர் கிட்ட இருக்கும். அப்ப மீதி ஆயில் எங்க போச்சு? ஒண்ணு வண்டி ஓடறப்ப, ஆயில் பம்ப் பிரஷர் இருக்கறப்ப மட்டும் அடிச்சு வெளியேறுது, இல்லன்னா உள்ளயே எரியுது, ரெண்டும் இல்லன்னா டிப் ஸ்டிக் பாத்த விதமே தப்பு. சமதளத்துல நிறுத்தி, எஞ்சின ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, ஸ்டிக்க தொடச்சு திரும்ப முழுசா உள்ள விட்டு எடுத்து பாக்கணும், தினமும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல பாக்கணும். களத்து மேட்டுல சரிவா நிறுத்தி பாத்தா ஒரு நாள் மேக்சிமம் காட்டும் மறுநாள் பாதி காட்டும்.

ஓடறப்ப வெளியேறுதான்னு கண்டுபிடிக்க நம்ம பக்கத்து செம்மண்ணே போதும். வண்டிக்கு அடியில படுத்து பாருங்க, கியர்பாக்ஸ், குறுக்கு மெம்பர், புரொப்பல்லர் ஷாஃப்ட், சைலன்சர் பைப், பின்னாடி டிஃபரென்ஷியல் வரைக்கும். ஆயில் பட்ட இடத்துல செம்மண் ஈரமா கரும்பழுப்பா அப்பி இருக்கும், விரல்ல வழிச்சா வழவழன்னு வரும், படாத இடத்துல தட்டுனா பொடியா உதிரும். அடிப்பக்கம் பூரா அப்பி இருந்தா ஓடறப்ப அடிக்குது. அடி காஞ்சு கிடந்து டிப் ஸ்டிக் மட்டும் இறங்குதுன்னா ஆயில் எரியுது, அதுக்கு புகைய பாருங்க. ஓசூர்ல இருந்து காலி வண்டியா இறக்கத்துல ஆக்சிலரேட்டர் விட்டு வந்துட்டு திரும்ப மிதிக்கறப்ப பின்னாடி நீலமா புகை வந்தா வால்வ் சீல், ரிங், டர்போ இந்த மூணுல ஒண்ணு. அது லீக் இல்ல, வேற வைத்தியம்.

சொட்டறது எஞ்சின் ஆயில் தானான்னும் ஒரு தடவ உறுதி பண்ணிக்கங்க. வெள்ளை பேப்பர வெச்சு ஒரு சொட்டு புடிங்க. டீசல் எஞ்சின் ஆயில் மாத்தி கொஞ்ச நாள்லயே கன்னங்கரேல்னு ஆயிடும், அதனால கருப்பா இருந்தா எஞ்சின் ஆயில். தேன் கலர்ல கெட்டியா, மூக்குல ஏறற கந்தக வாடையோட இருந்தா கியர் ஆயில், அப்ப கியர்பாக்ஸ் முன்னாடி சீல தான் சந்தேகப்படணும். பவர் ஸ்டியரிங் ஆயில் செவப்பாவோ மஞ்சளாவோ மெல்லிசா இருக்கும். ஆனா அழுக்கு படிஞ்ச எஞ்சின் மேல வழிஞ்சு வந்தா எதுவுமே கருப்பா தான் தெரியும், அதனால கழுவின பிறகு இன்னொரு வாட்டி பாக்கணும்.

சரி, கழுவறது. எஞ்சின் நல்லா ஆறின பிறகு ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், வயரிங் கப்ளர், எல்லாத்தையும் பாலிதீன் கவர் போட்டு கட்டிட்டு, டீகிரீசரோ இல்ல டீசலோ பிரஷ்ல தேய்ச்சு சந்து பொந்தெல்லாம் எடுத்து, சாதாரண பிரஷர்ல தண்ணி விட்டு கழுவுங்க. வாட்டர் சர்வீஸ் பசங்க தண்ணி அடிக்கற கன்ன நேரா கப்ளர்ல புடிச்சா ஆயில் லீக்கோட சேர்ந்து ஸ்டார்ட்டிங் டிரபிளும் வீட்டுக்கு வரும், பக்கத்துல நின்னு பாருங்க. பெட்ரோல் போட்டு கழுவற வேலையே வேணாம், தீ புடிச்சா நிக்காது. காத்து அடிச்சு நல்லா காய வெச்சுட்டு, சந்தேகம் இருக்கற ஜாயிண்ட் எல்லாத்து மேலயும் முகத்துக்கு போடற டால்கம் பவுடர லேசா தூவி விடுங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு டார்ச் அடிச்சு பாருங்க, அப்புறம் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாருங்க. கசியற இடத்துல இருந்து பவுடர்ல ஈரமா ஒரு கோடு இறங்கும். அந்த கோட்டோட மேல் நுனி எங்க இருக்கோ அது தான் உங்க லீக். ராத்திரிக்கு அடியில அட்டைப்பெட்டிய பிரிச்சு விரிச்சு, டயர் நிக்கற இடத்த அதுல குறிச்சு வெச்சா முன்னாடியா பின்னாடியா இடதா வலதான்னும் தெரிஞ்சிடும். ஒண்ணும் புடிபடலன்னா ஆயில்ல கலக்கற யுவி டை இருக்கு, கலந்து ஓட்டிட்டு வந்து யுவி டார்ச் அடிச்சா கசிவு பச்சையா மின்னும், கொஞ்சம் பெரிய ஒர்க்‌ஷாப்ல கேட்டு பாருங்க.

பாக்கறப்ப மேல இருந்து கீழ பாருங்க, கீழ இருந்து மேல போகாதீங்க. ஆயில் ஊத்தற மூடியோட ரப்பர், டேப்பெட் கவர் பேக்கிங், அப்புறம் டர்போவுக்கு போற வர்ற ஆயில் பைப் ஜாயிண்ட், ஆயில் பிரஷர் சென்சார், ஆயில் ஃபில்டர். சென்சார்ல கசிவு இருந்தா அதோட கப்ளர கழட்டி பாத்தா உள்ள ஆயில் நனைஞ்சிருக்கும். ஃபில்டர்ல ஒரு வேடிக்கை உண்டு, விக்கறதுக்கு முன்னாடி அவசரமா ஆயில் மாத்தியிருப்பாங்க, பழைய ஃபில்டரோட ரப்பர் ரிங் பிளாக்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அத எடுக்காமயே புது ஃபில்டர அதுமேல முறுக்கி விட்டிருப்பாங்க. ரெண்டு ரிங் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா நிக்கறப்ப கசியாது, ரேஸ் ஆகறப்ப மட்டும் பீச்சும். உங்க கணக்குக்கு இது நல்லாவே ஒத்து வருது, அதனால இத மொதல்ல பாருங்க. கீழ டிரெயின் நட்டோட வாஷர் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் புதுசு போடணும், யாரும் போடறதில்ல. முன்னாடி கிராங்க் புல்லி பின்னால இருக்கற சீல் போனா ஆயில் பெல்ட் மேலயும் ஃபேன் மேலயும் தெறிச்சு வட்டமா அடிச்சிருக்கும், பாத்த உடனே தெரியும்.

இதுக்கெல்லாம் மேல, எந்த சீல கழட்டறதுக்கும் முன்னாடி, பேக் கம்ப்ரஷன, அதாவது எஞ்சினுக்குள்ள கீழ சேர்ற கேஸ் பிரஷர, பாத்தே ஆகணும். பிஸ்டன் ரிங் வழியா கொஞ்சம் கேஸ் எப்பவும் கீழ கிராங்க் கேஸுக்கு இறங்கும், புது எஞ்சின்லயும் இறங்கும், அது வெளிய போகத்தான் பிரீதர் ஹோஸ் இருக்கு. பிரீதர் ஆயில் கசடுல அடைச்சிட்டாலோ ரிங் தேஞ்சு கேஸ் அதிகமா இறங்கினாலோ உள்ள பிரஷர் ஏறும், ஏறினா எந்த சீல் பலவீனமோ அது வழியா ஆயில வெளிய தள்ளும். இந்த நிலமைல நீங்க கிராங்க் சீல மாத்தினா அது கொஞ்ச நாள் தாங்கும், அதுக்குள்ள டேப்பெட் கவர்ல கசியும், அத மாத்தினா சம்ப்ல (அடியில ஆயில் நிக்கற தொட்டி) கசியும், மெக்கானிக்க திட்டிக்கிட்டே காச கொட்டுவீங்க. பாக்கறது சுலபம். எஞ்சின் நல்லா சூடாகி ஐடிலிங்ல இருக்கறப்ப ஆயில் மூடிய தெறந்து அப்படியே ஓட்ட மேல கவுத்து வைங்க. டீசல் எஞ்சின்ல மூடி லேசா ஆடறது சகஜம், பயப்பட வேணாம். மூடிய தூக்கி எறியற மாதிரி அடிச்சா, விட்டு விட்டு புகையா கக்கினா, பிரச்சனை உள்ள இருக்கு. உடனே எஞ்சின் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, பிரீதர் ஹோஸ கழட்டி டீசல்ல கழுவி காத்து அடிச்சு மாட்டிட்டு திரும்ப பாருங்க. அப்பவும் அடிச்சா கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துடுங்க, ஏன்னா அப்ப பேச்சு சீல் பத்தி இல்ல, எஞ்சின் வேலை பத்தி.

கூடவே ஆயில் மேக்சிமத்த தாண்டி ஊத்தியிருந்தாங்களான்னும் யோசிச்சு பாருங்க. கூட இருந்தா கிராங்க் சுத்தற வேகத்துல அது ஆயில அடிச்சு நுரையாக்கி பிரீதர் வழியா தள்ளும், டீசல் எஞ்சின்ல அந்த ஆயில் இன்டேக் வழியா உள்ள போனா ஆக்சிலரேட்டர் மிதிக்காமயே எஞ்சின் தானா ரேஸ் ஆகற அபாயமும் உண்டு. அதனால லீக் ஆகுதேன்னு முன்கூட்டியே அரை லிட்டர் கூடுதலா ஊத்தி வைக்கற பழக்கம் வேணாம்.

இவ்வளவும் பாத்து மேல எல்லாம் காஞ்சு கிடந்து, பெல் ஹவுசிங் அடி ஓட்டையில இருந்து மட்டும் கருப்பு ஆயில் வந்தா, அப்ப மொத மெக்கானிக் சொன்னது சரி, கியர்பாக்ஸ் இறங்க வேண்டியது தான். இன்னொரு அடையாளம், ராயக்கோட்டை ஏத்தத்துல லோடோட போறப்ப எஞ்சின் மட்டும் ரேஸ் ஆகி வண்டி வேகம் புடிக்கலன்னா கிளட்ச் பிளேட்ல ஆயில் பட்டிருக்கலாம். சீல் விலை கம்மி தான், கூலி தான் அதிகம், அதனால இறக்கினா ஒரேயடியா கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் எல்லாம் பாத்து தேவையானத மாத்திடுங்க. பழைய சீலோட உதடு தேச்சு தேச்சு ஷாஃப்ட்ல வரி விழுந்திருக்கான்னு நகத்தால தடவி பாக்க சொல்லுங்க. வரி இருந்தா புது சீல அதே இடத்துல அடிச்சா திரும்ப கசியும், இடமிருந்தா கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கணும், இல்ல தேஞ்ச இடத்து மேல மெல்லிசா ஒரு உலோக உறை (ஸ்லீவ்) போடணும். கழட்டின பழைய சீல கேட்டு வாங்கி பாருங்க, தப்பா நெனச்சாலும் பரவால்ல.

கெட்டி ஆயில் யோசனைக்கு வர்றேன். மேனுவல்ல 15டபிள்யூ-40 போட்டிருக்கற எஞ்சின்ல 20டபிள்யூ-50 ஊத்தினா சொட்டறது கொஞ்சம் கொறையலாம், நிக்காது, காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப மேல டேப்பெட்டுக்கும் டர்போவுக்கும் ஆயில் போய் சேர நேரமாகும். ஸ்டாப் லீக்னு விக்கற பாட்டில் ரப்பர் சீல ஊத வைக்கும், அது வண்டிய விக்கப் போறவனுக்கு உபயோகம், ஓட்டப் போறவனுக்கு இல்ல. பேக்கிங் மாத்தறப்ப சிலிகான அள்ளி அப்ப விடாதீங்க, வெளிய பிதுங்கற அளவு உள்ளயும் பிதுங்கும், அது பிஞ்சு சம்ப்ல விழுந்து ஆயில் பம்ப் ஜல்லடைய அடைச்சா எஞ்சினே சீஸ் ஆயிடும். டேப்பெட் கவர் போல்ட்டையும் பலம் காட்டி முறுக்கக் கூடாது, அந்த சின்ன போல்ட்டுங்களுக்கு பொதுவா 10 நியூட்டன் மீட்டர் சுத்தி தான் முறுக்கற அளவு (டார்க்), மிஞ்சினா கவர் வளைஞ்சு முன்ன விட அதிகமா கசியும்.

கன்சல்டிங்காரர்கிட்ட கேக்கலாமான்னா, கேளுங்க, கழுவறதுக்கு முன்னாடியே அடிப்பக்கம், டிப் ஸ்டிக் எல்லாம் தேதியோட போட்டோ வீடியோ எடுத்து வெச்சுட்டு கேளுங்க. எழுத்துல வாரண்டி இல்லன்னா பெருசா எதிர்பாக்காதீங்க, கூலில பாதி குடுத்தாலே நல்ல மனுஷன்னு நெனச்சுக்கலாம். விக்கற அன்னிக்கு பழைய வண்டி எஞ்சின் அவ்வளவு பளபளன்னா, அது கழுவி பாலிஷ் போட்டது. அடுத்த வண்டி எடுக்கறப்ப கழுவாத வண்டிய காட்ட சொல்லுங்க, இல்ல அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து அடியில அட்டை போட்டு டீ குடிச்சுட்டு பாருங்க.

லோடு அடிக்கலாமான்னா, கசிவு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலயோ டர்போ மேலயோ விழுதுன்னா கூடாது, ஒரு டிரிப் கூட வேணாம். எஞ்சின் ஆயில் 200 டிகிரி தாண்டினா பத்திக்கற ஆவிய விட ஆரம்பிக்கும், லோடோட ஏத்தம் ஏறறப்ப மேனிஃபோல்ட் அத விட ரொம்ப அதிகமா சூடாகும். ஏத்தத்துல கேபின்ல ஆயில் கருகற வாடை, பானட்டு ஓரத்துல புகை வந்தா ஓரங்கட்டி எஞ்சின ஆஃப் பண்ணுங்க. அது இல்ல, கிளட்சும் நழுவலன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக் பாத்து மினிமத்துக்கு மேல நல்லா ஏத்தி, அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர் கேன் வண்டில வெச்சுக்கிட்டு போயிட்டு வாங்க, ஓசூர்ல இறக்கி முடிச்சதும் இன்னொரு தடவ பாருங்க. ஆயில் லைட் எரிஞ்சா அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்னு நெனைக்காதீங்க, அந்த லைட் ஆயில் அளவுக்கு எரியறது இல்ல, பிரஷர் போனா எரியறது. எரிஞ்ச இடத்துலயே நிறுத்திட்டு தக்காளிய வேற வண்டிக்கு மாத்தி விடுங்க.