ஜன்னல் எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: 'ஆங்கிலம் உலகத்தைப் பார்க்கிற ஜன்னல்' என்று சொல்லி, பேத்தியை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிட்டான் என் மகன். உலகமே ஆங்கிலமாகிக்கொண்டு வருகிறது. தமிழின் கதி என்ன ஆகும்?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: அண்ணாச்சி, தமிழின் கதியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த ஜன்னலைப் பார்த்துவிடுவோம்.

ஆங்கிலத்தைப் புகழ உங்கள் மகன் எடுத்த சொல் ஆங்கிலம் கிடையாது. தமிழும் கிடையாது. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்த சொல் அது. அவர்கள் 'ஜனேலா' என்றார்கள், நாம் ஜன்னல் என்றோம். சாவி, மேசை, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்த சாமான்கள்தான்.

16ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக் கரையில் நின்று 'உலகமொழி எது' என்று கேட்டிருந்தால், போர்த்துக்கீசியம் என்று பதில் வந்திருக்கும். கோவாவிலிருந்து மலேசியாவில் இருக்கிற மலாக்கா வரை துறைமுகத்துக்குத் துறைமுகம் பேரம் பேச அந்த மொழிதான் உதவியது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே அது இல்லாமல் ஓடவில்லை. இந்தியாவுக்கு வருகிற கம்பெனிப் பாதிரிமார் வந்த ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்றாக வேண்டும் என்று 1698ஆம் ஆண்டுச் சாசனத்தில் விதியே இருந்தது. இங்கிலாந்து ராஜா கொடுத்த சாசனம்! நாம் இன்று எதைப் பார்த்து மலைக்கிறோமோ, அந்த மொழிக்காரர்கள் அன்று இன்னொரு மொழியின் வாசலில் நின்றார்கள்.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போனது துட்டு. ஆமாம், நாம் நாள் முழுக்கச் சொல்லுகிற துட்டு டச்சு நாணயத்தின் பெயர்தான்.

இன்றைக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிற புன்னைக்காயலுக்குப் போய்ப் பாருங்கள். பர்னாந்து என்று போர்த்துக்கீசியப் பெயர் இருக்கும், வீட்டுக்கு ஜன்னல் இருக்கும், பூட்டுக்குச் சாவி இருக்கும். பேச்சு முழுக்கத் தமிழ். அந்த ஊரில் இருந்து ஊழியம் செய்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக் அடிகளார் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 16 பக்கத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். உலகமொழிக்காரர் இங்கே வந்து செய்த வேலை அது.

ஜன்னல் என்று எழுதினாலே எனக்குக் கண்டனம் வரும். நம் பத்திரிகைக்கு மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடுகிற புலவர் ஐயா ஒருவர் இருக்கிறார். 'சாளரம் இருக்க ஜன்னல் எதற்கு, பலகணி என்ன பாவம் செய்தது' என்று சிவப்பு மையில் கேட்பார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் இந்த ஜென்மத்தில் ஒத்துப்போகாது. நானூறு வருஷம் நம் வீட்டுச் சுவரில் இருந்த பிறகு அது நம் ஜன்னல் ஐயா. எங்கள் பழைய வீட்டில் தெருப்பக்கம் நாலு கதவு ஜன்னல் ஒன்று உண்டு. மத்தியானத்தில் ஆச்சி கீழ்க்கதவு இரண்டையும் சாத்திக் கொண்டியைப் போட்டுவிடுவாள். மேல்கதவு இரண்டும் திறந்தே கிடக்கும். தெருவில் போகிறவன் கண் உள்ளே வராது, ஆற்றுக்காற்று மட்டும் வரும். அந்த மர அழியைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்தவன் நான். அதைப் போய்ச் சாளரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் புலவர் ஐயா ஒரு அட்டையில் எழுதிய சொல்லுக்காக அவரைக் கும்பிடுகிறேன். காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் 'மான்கண் காலதர்' என்கிறது: மான் கண் போன்ற துளைகள் உள்ள, காற்று வரும் வழி. சரி, ஆங்கிலத்தின் 'விண்டோ' எங்கிருந்து வந்தது? அதுவும் கடன்தான். நார்வே, டென்மார்க் பக்கமிருந்து வடகடலில் படகேறி வந்து இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ்காரர்களின் சொல். 'விண்ட்அவ்கா' என்பது அதன் மூலம். பொருள் என்ன தெரியுமா? காற்றுக்கண்! பூம்புகாரைப் பாடியவரும் பனிக்கடலில் படகு விட்டவரும் சுவரில் ஒரு ஓட்டையைப் பார்த்து, காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்திலேயே ஆங்கிலம் பட்ட பாட்டையும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்காரர்கள் ஜெயித்த பிறகு அரண்மனையில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன். ஆங்கிலம் வயல்காட்டில் இருந்தது. கோர்ட்டில் வழக்காடுவது ஜனங்களுக்குப் புரியவில்லை என்று, இனி ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என 1362இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். அதற்கும் இருநூறு வருஷம் கழித்து, 1582இல், லண்டன் பள்ளித் தலைமையாசிரியர் ரிச்சர்டு மல்காஸ்டர், நம் மொழி இந்தத் தீவைத் தாண்டி எட்டாது, இந்தத் தீவுக்குள்ளும் முழுக்க எட்டவில்லை என்று எழுதினார்.

அப்புறம் எப்படி எட்டியது? கப்பலும் பீரங்கியும் பஞ்சாலையும் கொண்டுபோயின. அப்போதும் ராஜதந்திரத்துக்கு பிரெஞ்சுதான். முதல் உலகப்போருக்குப் பின் வந்த 1919 வெர்சாய் உடன்படிக்கையில்தான் ஆங்கிலம் அதற்குச் சமமாக உட்கார்ந்தது. பிரிட்டன் தளர்ந்த நேரத்தில் அமெரிக்கா எழுந்தது. பெரியவன் இறங்க அடுத்தவன் ஏறினான், இரண்டு பேருக்கும் ஒரே மொழி. அந்தச் சமயத்தில்தான் விமானமும் சினிமாவும் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தன. இலக்கணம் இனிப்பாக இருந்ததால் யாரும் ஆங்கிலத்துக்கு வரவில்லை.

நம் பாளையங்கோட்டையைத் தென்னிந்திய ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். இங்கே பள்ளிக்கூடம் வைத்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? 1820இல் வந்த பாதிரியார் ரேனியஸ் ஒரு ஜெர்மன்காரர். தமிழ் கற்றுத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1841இல் இடையன்குடித் தேரிக்காட்டுக்கு வந்த கால்டுவெல், பனைமரங்களுக்கு நடுவே இருந்துகொண்டு 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதை ஆங்கிலத்தில்தான் எழுதினார். தமிழ் தனிக்குடும்பத்து மொழி என்று உலகம் ஒப்புக்கொள்ள அந்த ஆங்கிலப் புத்தகம் உதவியது. இப்படிப்பட்ட ஊரில், இன்றைக்கு ஒரு பள்ளியில், வராண்டாவில் தமிழ் பேசிய பிள்ளைக்குப் பத்து ரூபாய் அபராதம். எங்கள் தெருப் பிள்ளைதான், அழுதுகொண்டு வந்தது. 'வயிறு வலிக்குது' என்று தோழியிடம் சொன்னதற்கு அபராதம். இதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

கல்யாணப் பத்திரிகை விஷயத்தையும் நான் விடமாட்டேன், பழைய வாசகர்களுக்குத் தெரியும். போன ஆவணியில் ஒரு வீட்டில் முழுக்க ஆங்கிலத்தில் அச்சடித்தார்கள். மாப்பிள்ளையின் ஆச்சி அதை வாங்கி, மஞ்சள் தடவிய மூலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம் பேரு எங்கய்யா போட்டுருக்கு?" என்று என்னிடம் கேட்டார். தமிழில் என்றால் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார். விரலைப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு லண்டனிலிருந்து யார் வந்து நம்மை வற்புறுத்தினார்கள்? தமிழ் தேய்கிறது என்றால் இந்த மாதிரி இடங்களில்தான் தேய்கிறது அண்ணாச்சி.

பேத்திக்கு வருகிறேன். ஆங்கிலம் படிக்கட்டும், நன்றாகவே படிக்கட்டும். மகனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவனுக்கு வேலைக் கவலை, அது நியாயமான கவலை. எனக்குள்ள பயம் வேறு. பக்கத்து வீட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சாயங்காலம் உரக்கப் படிக்கும். 'மை ஃபேவரிட் சீசன் இஸ் வின்டர்' என்று தொடங்கி, பனி கொட்டும், அடுப்பங்கரையில் குளிர்காய்வோம் என்று போகிற கட்டுரை. ஒரு எழுத்து பிசகாது. "ஸ்நோன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜுக்குள்ள ஒட்டியிருக்குமே, அது மாமா" என்றது. நெல்லில் கார் பருவம் தெரியுமா, பிசானப் பருவம் தெரியுமா என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அதன் ஆச்சிதான் சொன்னார்: "ஆனியில ஆத்துல புதுத்தண்ணி வந்தா காரு. ஐப்பசி மழையில நட்டு மாசியில அறுத்தா பிசானம்." சொல்லிவிட்டு, "ஏட்டி, அந்தச் சன்னலத் தொற, காத்தே வரல" என்றார். பிள்ளை எழுந்து போய்த் திறந்தது.

நீங்கள் சேரன்மகாதேவிக்காரர், பிசான நெல்லின் வாசனை தெரிந்தவர். பேத்தியை ஒரு நாள் வயலுக்குக் கூட்டிப் போங்கள். பார்த்ததைத் தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம், புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் அவளாகவே எழுதட்டும். அவள் கையெழுத்திலேயே எனக்கு அனுப்புங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. இரண்டையும் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.