கேட்டார்கள், சொல்கிறேன்: ராத்திரி மூன்று மணி அலர்ட்டும் ஆட்டோமேஷனும்

கேள்வி: சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கிக்கு சர்வர் சப்போர்ட், ஷிப்ட் வேலை. வயது 46. தினமும் செய்கிற வேலையையெல்லாம் ஸ்கிரிப்டாக (தானாக ஓடும் சின்ன நிரலாக) எழுதிக் கொடு என்கிறார் மேனேஜர். என் வேலைக்கு நானே வேட்டு வைத்துக்கொள்ளவா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஒன்றும் ஆகாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். டிக்கெட்டை (பதிவாகி வரும் புகாரை) மூடுவது மட்டுமே வேலை என்று இருப்பவருக்கு இது ஆபத்துதான். ஆனால் ராத்திரி 3 மணிக்கு டிஸ்க் நிரம்புகிறது என்று அலர்ட் வந்தால், எந்த ஃபோல்டரைத் தொடலாம், எதைத் தொட்டால் விடியற்காலை மொத்தமாகத் தானே ஓடவேண்டிய பேட்ச் ஜாப் படுத்துவிடும் என்று தெரிந்தவர் நீங்கள்தானே? அது ரன்புக்கில் (என்ன நடந்தால் என்ன செய்வது என்ற குறிப்பேட்டில்) பாதிதான் இருக்கும், மீதி உங்கள் தலையில்.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் சிஸ்டம் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பழைய லாக் ஃபைல்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டோம். ஏழு நாளுக்கு முந்தையதை மட்டும் அழித்துக்கொண்டிருந்தது, பிறகு யாரோ அதை ஒரு நாள் என்று குறைத்துவிட்டார்கள். அலர்ட்டே வரவில்லை, நிம்மதியாகத் தூங்கினோம். கடைசியில் பார்த்தால், ஒரு அப்ளிகேஷன் ஒரே எர்ரரை நிமிடத்துக்கு நூறு தடவை எழுதித் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது, நம்ம ஸ்கிரிப்ட் ஒழுங்காக வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டே நோயை மறைத்த கதை. அதன் பிறகுதான், வழக்கத்தைவிட அதிகமாக அழிக்க நேர்ந்தால் நிறுத்திவிட்டு ஆளை எழுப்பு என்று இரண்டு வரி சேர்த்தோம். அந்த இரண்டு வரியை எழுத உங்களை மாதிரி ஆள் வேண்டும்.

வங்கி ஏன் அவசரப்படுகிறது என்பதையும் பாருங்கள். முக்கியமான சிஸ்டம் ஒன்று முன்னறிவிப்பில்லாமல் விழுந்தால், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. ஆள் எழுந்து, விபிஎன் போட்டு, லாகின் செய்வதற்குள்ளேயே அதில் அரை மணி போய்விடும். அப்புறம், நீங்கள் சிங்கப்பூரராக இருந்தால், 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் போட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை சும்மா கிடக்கிறதா பாருங்கள். எல்லா வகுப்புக்கும் செல்லாது, பட்டியலைப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: பல சர்வர்களில் ஒரே வேலையைத் தானாகச் செய்யும் அன்சிபிள் என்ற மென்பொருளைப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. பசங்க இன்னும் ஒவ்வொரு சர்வராக ஏறிக் கையால்தான் செய்கிறார்கள். எப்படி மாற்றுவது?
– டீம் லீட், செங்காங்

பதில்: ஒருதடவை அது பாதியில் நின்று, திட்டு வாங்கியது யார்? அவர் இனி அதைத் தொடமாட்டார். எரிச்சலூட்டுகிற சின்ன வேலை ஒன்றை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், முதலில் அதன் படிகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள் பாருங்கள், உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கையால் செய்தால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலின் கதையைச் சொல்லுங்கள். 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்குச் சந்தை. 8 சர்வர்களில் புது நிரலைக் கையால் ஏற்றும்போது ஒன்றை விட்டுவிட்டார்கள். அதிலிருந்த பழைய நிரல் உயிர் பெற்று, சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம்.

அதற்காக எல்லா சர்வருக்கும் ஒரே அமுக்காக அனுப்பவும் கூடாது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை மதியம் நினைவிருக்கிறதா, சாங்கியில் சில விமான நிறுவனங்கள் கையால் செக்-இன் செய்த நாள்? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோளாறான அப்டேட் தானாகவே போய் இறங்கி, உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. தப்பான ஃபைலை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் விழுந்ததை எழுப்பப் பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார வேண்டியிருந்தது. முதலில் 2 சர்வர், ஒரு கோப்பி குடிக்கிற நேரம் பொறுத்து 20, அப்புறம் மீதி. இதை அன்சிபிளுக்குக் கொடுக்கும் வேலைப் பட்டியலான பிளேபுக்கிலேயே எழுதிவையுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டு மறந்தால் எங்கள் ஆபீசில் இனி சாட்பாட்டிடம்தான் கேட்க வேண்டுமாம். நல்லதா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நல்லதுதான் அம்மா, அந்த வேலைக்கு மனிதர் தேவையில்லை. ஆனால் அந்த சாட்பாட்டுக்குள் போகவே பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பார்த்தீர்களா? எனக்குத் தெரிந்த ஓர் ஆபீசில் கேட்டது.