ஐந்தாவது கேள்வி

அன்புள்ள ஐயா,

நான் கும்பகோணத்தில் வங்கிப் பணியில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் எங்கள் கிளை நூலகத்தில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பொது அறிவு வினாடி வினா நடத்துகிறேன். பண்பாடு, கலை, நடப்பு நிகழ்வுகள் என்று வாரம் 20 கேள்விகள். 14 வாரங்கள் ஆகிவிட்டன. 30 பேர் வருகிறார்கள். ஆனால் போன வாரம் டக்கென்று விடை சொன்ன பிள்ளைக்கு இந்த வாரம் அது நினைவில் இல்லை. 'டிஎன்பிஎஸ்சிக்கு உதவும், நடத்துங்கள்' என்கிறார்கள் பெற்றோர். இதனால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா? கைபேசியில் தேட விடலாமா? பரிசு கொடுக்கலாமா? சென்ற வாரக் கேள்வித்தாளை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள தங்கைக்கு,

வாரம் முழுக்க வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கைபேசி வேண்டாம். பரிசு என்றால் புத்தகம் கொடுங்கள். டிஎன்பிஎஸ்சியை அதற்குரிய வயதில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நடப்பு நிகழ்வு என்று யாருக்கு எந்த விருது, யாருக்கு எந்தப் பதவி என்று எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறீர்கள். ஒன்று போதும்.

எனக்கு வேண்டியது உங்கள் ஐந்தாவது கேள்வி. 'நிழல் தரையில் விழாத கோபுரம் உள்ள கோயில் எது?' விடை: தஞ்சைப் பெரிய கோயில்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இதே கேள்வியைத் தொலைதூரத்து ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்தக் கோயிலுக்கு நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். அதன் நிழலில் நடந்தும் இருப்பீர்கள். அப்படியிருந்தும் இதை எப்படி எழுதினீர்கள்?

நானும் ஏழாம் வகுப்பில் இந்தக் கேள்விக்கு விடை சொன்னவன்தான். பள்ளி ஆண்டு விழாவில் முதல் ஆளாகக் கை தூக்கி, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பரிசாக வாங்கினேன். அந்தக் கோடை விடுமுறையில் அத்தை என்னைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப்போனார். வைகாசி மாதம், காலை ஒன்பதரை மணி இருக்கும். வெறுங்காலோடு கருவறையைச் சுற்றிப் பின்பக்கம் வந்தேன். தளக்கல் சுட்டது. குதித்துக் குதித்து நடந்தவனைப் பார்த்து அத்தை, "ஏண்டா வெயில்ல நிக்கிற, இப்படி நிழல்ல வா" என்றார். ஓடிப்போய் நின்றேன். அங்கே கல் குளிர்ந்திருந்தது. உள்ளங்கால் எரிச்சல் அடங்கிய பிறகுதான் அது எதன் நிழல் என்று நிமிர்ந்து பார்த்தேன். கருவறையின் மீது 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் விமானத்தின் நிழல், மேற்கு முற்றத்தில் நீளப் படுத்திருந்தது. நான் அதன் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் சொன்னேன். "புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு, உட்காரு" என்றார். உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்ன பிள்ளையை உட்காரவைக்கிற அறிவு, அறிவே அல்ல.

அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை மாத நண்பகலில் சூரியன் தஞ்சைக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். விமானம் அடியில் அகன்று மேலே குறுகிப் போவது. அந்த வேளையில் உச்சியின் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதே நாள் காலையில் மேற்கே விழும், மாலையில் கிழக்கே விழும். நிழலே விழாத கட்டடத்தை யாராலும் கட்ட முடியாது. ராஜராஜன் கட்டியது கல்லால். அவன் பெருமைக்கு அந்தக் கல்லே போதும், இந்தப் பொய் எதற்கு?

இன்னொரு பிழை, அது கோபுரம் அல்ல. கோபுரம் வாசலில் இருப்பது. கருவறைக்கு மேல் எழுவது விமானம். கட்டியவன் வாக்கே சுவரில் இருக்கிறது: தான் கொடுத்தவற்றையும், அக்கன் (அக்காள்) கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் 'ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக' என்றான். பேரரசன் தன் கொடையோடு மற்றவர் கொடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறான் பாருங்கள். எனக்கு அந்த உயரத்தைவிட இந்த வரி பெரியது.

அதே கல்வெட்டுகளில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல்மகளிர், 400 பேரின் பெயர்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். பழையாறையிலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. பழையாறை உங்களுக்குப் பக்கத்து ஊர். உங்கள் முப்பது பேரில் அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியாவது இருப்பாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவள் ஊரிலிருந்து புறப்பட்டுப் போன ஆடல்மகளின் வீட்டு அடையாளம் கல்லில் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் மறப்பாளா?

விமானத்தின் மேல்தளத்தில், பொதுமக்கள் போக முடியாத இடத்தில், நாட்டியத்தின் 108 கரணங்களில், அதாவது ஆடல் நிலைகளில், 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. 'எத்தனை கரணங்கள்?' என்று கேட்டால் ஒரு எண் வரும், அதோடு முடிந்தது. 'சிற்பி ஏன் நிறுத்தியிருப்பான்?' என்று கேளுங்கள். மதிப்பெண் போட முடியாது, தெரியும். முப்பது பிள்ளைகளும் பேசுவார்கள். அதற்குத்தானே நூலகத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

பயன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, நிறுத்திவிடாதீர்கள். 20 கேள்விகளை ஐந்தாக்குங்கள். ஒவ்வொன்றையும் நீங்கள் நேரில் போய்ப் பார்த்தோ, மூல நூலில் படித்தோ சரிபார்த்த பிறகு கேளுங்கள். ஐந்து கிடைக்காத வாரம் மூன்று போதும்.

அதற்கு முன், வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் பிள்ளைகளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போங்கள். விமானத்துக்குப் பின்னால் மேற்கு முற்றத்தில் நிற்கவையுங்கள். நிழலின் விளிம்பில் ஆளுக்கு ஒரு கூழாங்கல்லை வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்துக் கல் எங்கே, நிழல் எங்கே என்று பார்க்கட்டும். திரும்பும்போது கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். எட்டு மணிக்குள் அங்கே இருங்கள், அதற்குப் பிறகு தரை சுட ஆரம்பித்துவிடும். போகும் நாளை முன்கூட்டியே எழுதினால் நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்