நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குத் தொடர்பயிற்சி ஏன்?

ஒருவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராய்ந்து உதவும் நடத்தைப் பகுப்பாய்வாளர்களும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியாளர்களும் தகுதி பெற்ற பின்னரும் தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளக் கற்பதே தொழில்சார் தொடர்பயிற்சி. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற பகுப்பாய்வாளர் 2 ஆண்டுகளுக்குள், பயிற்சி நேரத்தைக் கணக்கிடும் தொடர்கல்வி அலகுகளில் 32 பெற்றாக வேண்டும்.

ஒரு பிள்ளை கொப்பியைத் தூக்கி எறிகிறது. கடினமான கணக்கிலிருந்து தப்பவா, ஆசிரியர் திரும்பிப் பார்க்கவா, மின்விசிறியின் இரைச்சல் தாங்காமலா என்பதை, எறிவதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைக் குறித்துப் பார்த்தே அறியலாம். வெங்காயத் தாளின் நுனி கருகியதும் உடனே மருந்து அடிக்காமல், தண்ணீரா, பூச்சியா, நோயா என்று சுன்னாகத்துத் தோட்டக்காரர் குனிந்து பார்ப்பதைப் போன்றது இது. அந்தப் பார்வை ஒருமுறை படித்து வருவதன்று. அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருந்து திருத்தும்போதே கூர்மையடைகிறது, பயிற்சியில் நான் மிகவும் மதிப்பதும் அதையே.

நடத்தைப் பகுப்பாய்வு பிள்ளையை அடக்கும் வித்தை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவன கணக்கின் அளவும், கதிரையின் இடமும், பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதமுமே.